ஓட்டக் காலணி ஆய்வுகளில் எதை எண்ணினார்கள்?

நாற்பத்தொரு வயதில் ஓடத் தொடங்கினேன். இரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை அளவைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மருத்துவர் காட்டியதுதான் காரணம். மற்றபடி அதில் பெருமைப்பட ஏதுமில்லை. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் பழைய கேன்வாஸ் ஷூவோடு மூன்று மாதம் ஓடிய பிறகு, வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் வலி வந்தது. கூட ஓடும் நண்பர் ஒருவர், கால் எந்த வகை என்று பார்த்து ஷூ கொடுக்கும் கடை ஒன்றுக்கு என்னை அனுப்பினார்.

கடையில் இருந்த இளைஞர் ஒரு பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி, காலை நனைத்து ஒரு பழுப்பு அட்டையின் மேல் வைக்கச் சொன்னார். காலை எடுத்ததும், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் வெறுமையாக இருக்க வேண்டிய இடத்திலும் அகலமாக ஈரம் படிந்திருந்தது. "உங்களுக்குத் தட்டைப் பாதமுங்க சார். ஓடும்போது காலு உள்ளே சாயும். அதனாலதான் முட்டி வலிக்குது" என்றார். டிரெட்மில்லில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, பின்னாலிருந்து எடுத்த படத்தில் என் கணுக்காலின் மேல் ஒரு கோடும் இழுத்துக் காட்டினார். பிறகு ஒரு ஜோடி ஷூவைக் கையில் கொடுத்து, அடிப்பாகத்தின் இரு பக்கங்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். வெளிப்பக்கத்து வெள்ளை நுரை அழுந்தியது. உட்பக்கத்துச் சாம்பல் நுரை கல்போல நின்றது. காலை உள்ளே சாயவிடாமல் தாங்கிப் பிடிப்பது அந்தச் சாம்பல் நுரைதான் என்று விளக்கினார். நான் மனதில் வைத்திருந்த தொகையைப்போல இரண்டு மடங்கு விலை. வாங்கிக்கொண்டேன்.

ஆறு வாரத்தில் வலி போய்விட்டது. அடுத்த ஓராண்டு, முழங்கால் வலி என்று யார் சொன்னாலும் அந்தக் கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன். தொழிலால் நான் கணக்குத் தணிக்கையாளன். ஒரு செலவுக்கு இரண்டு ரசீதுகள் இருந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட எனக்கு, புது ஷூ வாங்கிய அதே வாரத்தில் பத்து நாள் முழு ஓய்வும் எடுத்திருந்தேன் என்பதும், திரும்ப ஓடத் தொடங்கியபோது தூரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தேன் என்பதும் நினைவுக்கே வரவில்லை. மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டு, பலனை முழுவதும் ஷூவின் பெயரில் வரவு வைத்திருந்தேன்.

அந்த ஈர அட்டைச் சோதனையை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் அமெரிக்க இராணுவத்தினர். பயிற்சிக்கு வரும் புதியவர்களில் பலர் கால் காயத்தால் வெளியேறுவது அவர்களுக்கு நெடுநாள் தலைவலி. ஜோசப் நாப்பிக் என்பவரின் தலைமையில் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய மூன்றிலும் அடிப்படைப் பயிற்சிக்கு வந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாதத்தின் வடிவத்தைப் பார்த்து, வளைவு உயர்ந்திருந்தால் மெத்தென்ற ஷூவும், நடுத்தரமாக இருந்தால் நிலைப்பு தரும் ஷூவும், தட்டையாக இருந்தால் உள்சாய்வைக் கட்டுப்படுத்தும் ஷூவும் கொடுத்தார்கள். மறு பகுதியினரின் பாதம் எப்படி இருந்தாலும் எல்லோருக்கும் நடுத்தர வகை ஒன்றையே கொடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் இரு பகுதியிலும் எத்தனை பேர் காயம்பட்டார்கள் என்று எண்ணினார்கள். 2009, 2010 ஆண்டுகளில் வெளியான இந்த மூன்று ஆய்வுகளையும், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2022 மதிப்பாய்வு ஒன்றாகச் சேர்த்தபோது, மொத்தம் 7,203 பேர். காய விகிதம் 1.03. ஒன்று என்றால் இரு தரப்பும் சமம் என்று பொருள். பாதத்தைப் பார்த்துக் கொடுத்த ஷூவும் பார்க்காமல் கொடுத்த ஷூவும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்திருக்கின்றன. காலணி குறித்த ஆய்வுகளில் இந்த அளவுக்கு உறுதியான விடை வேறெதற்கும் கிடைத்ததில்லை என்றே சொல்லலாம்.

உள்சாய்வு உள்ள கால் அதிகம் காயப்படும் என்ற அடிப்படையையே டென்மார்க்கில் சோதித்தார்கள். புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேரின் பாத அமைப்பைக் குறித்துக்கொண்டு, எல்லோருக்கும் எந்தத் தாங்கலும் இல்லாத ஒரே வகைச் சாதாரண ஷூவைக் கொடுத்து, ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். கடைக்காரர் சொன்னது சரியென்றால் தட்டைப் பாதக்காரர்கள் வரிசையாக விழுந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை காயம் என்று கணக்கிட்டபோது, உள்சாய்வு உள்ளவர்களின் எண்ணிக்கை சற்றுக் குறைவாகவே இருந்தது.

இதோடு நிறுத்திவிட்டால் கடைக்காரரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 2016-இல் லக்சம்பர்க்கில் லோராங் மாலிசூ குழுவினர் வெளியிட்ட ஆய்வு குறுக்கே நிற்கிறது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் இரு வகை ஷூக்களை 372 பேருக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். ஒன்றில் உள்சாய்வைத் தடுக்கும் கட்டுமானம் இருந்தது, மற்றொன்றில் இல்லை. கட்டுமானம் இருந்த ஷூவை அணிந்தவர்களிடம் காய அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது; அந்தப் பலன் பெரும்பாலும் பாதம் உட்பக்கம் சாய்ந்தவர்களிடமே தெரிந்தது. அப்படியானால் இராணுவ ஆய்வு பொய்யா? இல்லை. இராணுவத்தில் ஒப்பிட்டது ஷூவைத் தேர்ந்தெடுக்கும் முறையை. லக்சம்பர்க்கில் ஒப்பிட்டது ஷூவின் ஓர் உறுப்பை. பயிற்சி முகாமில் நாள் முழுவதும் ஓட்டம், அணிவகுப்பு, சுமை என்று கழிக்கும் பத்தொன்பது வயதுக்காரரும், வாரத்தில் மூன்று நாள் தானாக ஓடும் நடுவயதுக்காரரும் ஒருவரல்லர். எனவே என் சாம்பல் நுரை எனக்கு உதவியிருக்கவும் கூடும். ஆனால் அதை அந்த ஈர அட்டை முன்கூட்டியே சொல்லியிருக்கும் என்று நம்பத்தான் ஆதாரமில்லை.

நான் முழுதாக ஏமாந்தது இந்த ஷூவில் அல்ல, இதற்கு நேர் எதிரான கொள்கையில்.

2010 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எனக்கு அது மூன்றாண்டு கழித்தே கிடைத்தது. வெறுங்காலோடு ஓடிப் பழகிய கென்யர்களையும் ஷூவோடு ஓடிப் பழகிய அமெரிக்கர்களையும் அழுத்தத்தை அளக்கும் தகட்டின் மேல் ஓடவிட்டுப் பார்த்திருந்தார்கள். ஷூ அணிந்தவர்களில் பெரும்பாலோர் குதிகாலை முதலில் ஊன்றினார்கள். அந்தக் கணத்தில் வரைகோட்டில் ஊசிமுனைபோல ஒரு மோதல் உச்சம் எழுந்தது. வெறுங்கால் ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் முன்பாதத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய கோட்டில் அந்த ஊசிமுனை ஏறக்குறைய இல்லை. படத்தைப் பார்த்தவுடன் மனம் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறது: மோதல் இல்லையென்றால் காயமும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒருவருடைய காயம்கூட எண்ணப்படவில்லை. மோதலோடு தொடர்புடைய சில காயங்களிலிருந்து இது காக்கக்கூடும் என்ற அளவில்தான் ஆசிரியர்கள் நிறுத்திக்கொண்டார்கள். 'கூடும்' என்ற சொல்லை நான் படித்தேன், மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. நிதி தந்தவர்களின் பட்டியலில், விரல்களுக்குத் தனித்தனி உறை வைத்த மெல்லிய காலணியைத் தயாரிக்கும் வைப்ரம் நிறுவனத்தின் பெயர் இருந்ததையும் பார்த்தேன். அதை ஆசிரியர்கள் ஒளிக்கவில்லை. அதைக் கண்டும் நான்தான் பொருட்படுத்தவில்லை.

வெறுங்கால் என்றதும் எனக்குள் வேறொரு நரம்பும் சுண்டப்பட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளியில் நாங்கள் எல்லோரும் வெறுங்காலில்தான் ஓடினோம். என் சித்தப்பா முப்பது வருடமாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்குச் செருப்பில்லாமல் நடக்கிறார். 1960-இல் ரோம் நகரின் கல்பாவிய தெருக்களில் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி, 2 மணி 15 நிமிடத்தில் தங்கம் வென்றதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அதே பிகிலா நான்காண்டு கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்து, 2 மணி 12 நிமிடத்தில் மீண்டும் தங்கம் வென்றதை மட்டும் எங்கும் சொன்னதில்லை. சித்தப்பா ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வந்து, கொப்புளம் உடைந்த பாதத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் சொன்னதில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பியிடம் சொல்லி, விரல் உறைக் காலணி ஒரு ஜோடி வாங்கிவரச் செய்தேன். வாரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த 25 கிலோமீட்டரையும் அப்படியே அதற்கு மாற்றினேன். முதல் வாரம் கெண்டைக்கால் மாடிப்படி இறங்க முடியாத அளவுக்கு இறுகியது. அதைப் பலம் ஏறும் அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது வாரம் இடது பாதத்தின் மேல்பக்கம், இரண்டாவது விரலுக்குப் பின்னால், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் விரல் வைத்தால் உயிர் போயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த நீண்ட எலும்பு முழுவதும் நீர் கோத்து வெளுத்திருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் ஓடியிருந்தீங்கன்னா கிராக் விட்டிருக்கும்" என்றார் மருத்துவர். இரண்டு மாதம் ஓட்டம் நின்றது.

அந்த இரண்டு மாதத்தில்தான் நிதானமாகப் படித்தேன். என் பாதத்துக்கு நேர்ந்தது அப்படியே 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இருந்தது. சாரா ரிட்ஜ் குழுவினர் அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களை எடுத்து, 19 பேரைப் பத்து வாரத்தில் படிப்படியாக அதே வகைக் காலணிக்கு மாற்றினார்கள். 17 பேர் வழக்கமான ஷூவிலேயே ஓடினார்கள். முன்னும் பின்னும் பாதத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், மாறிய 19 பேரில் 10 பேருக்கு ஏதேனும் ஒரு பாத எலும்பிலாவது நீர்கோப்பு அதிகரித்திருந்தது. அவர்கள் படிப்படியாக மாறியவர்கள். நான் ஒரே நாளில் மாறியவன். 2014-இல் வைப்ரம் நிறுவனம், தன் காலணி தசைகளைப் பலப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஆதாரம் இல்லாமல் இனி அப்படி விளம்பரம் செய்வதில்லை என்றும் ஒத்துக்கொண்டது.

முன்பாதம்தான் மனிதனுக்கு இயற்கை என்ற வாதமும் விரைவிலேயே ஆட்டம் கண்டது. வடக்குக் கென்யாவில் வாழும் தாசனாச் மக்கள் பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு நடப்பவர்கள். அவர்களில் 38 பேரை ஓடச் சொல்லிப் பார்த்த 2013 ஆய்வில், தங்களுக்கு வசதியான நெடுந்தூர வேகத்தில் ஓடியபோது 72 விழுக்காடு ஊன்றல்கள் குதிகாலில்தான் விழுந்தன. வேகம் கூடியபோதுதான் ஊன்றல் முன்னோக்கி நகர்ந்தது. மறுபக்கம், 2004-இல் ஜப்பானின் சப்போரோவில் நடந்த அரை மாரத்தானில் பதினைந்தாவது கிலோமீட்டரில் கேமரா வைத்து 283 ஓட்டக்காரர்களைப் படமெடுத்தபோது, முக்கால்வாசிப் பேர் குதிகாலில் இறங்கினார்கள். முன்பாதத்தில் இறங்கியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வேகமானவர்களிடம் நடுப்பாத ஊன்றல் சற்று அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால் வேகத்தால் ஊன்றல் மாறியதா, ஊன்றலால் வேகம் வந்ததா என்பதற்குப் புகைப்படத்தில் விடை இல்லை.

ஊன்றும் விதத்தையும் காயத்தையும் நேரடியாக இணைத்து எண்ணிய ஆய்வு ஒன்று உண்டு. ஹார்வர்டு கல்லூரியின் நெடுந்தூர அணியைச் சேர்ந்த 52 பேரின் காயப் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். 36 பேர் குதிகாலில் இறங்குபவர்கள், 16 பேர் முன்பாதத்தில் இறங்குபவர்கள். திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் காயங்கள் குதிகால்காரர்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரே அணி, ஒரே பயிற்சி, முறையான மருத்துவப் பதிவு என்பதெல்லாம் இதன் பலம். ஆனால் யார் எப்படி ஊன்ற வேண்டும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யவில்லை. அவரவர் உடலே முடிவு செய்திருந்தது. முன்பாதத்தில் ஓடி, கெண்டைக்கால் தாங்காமல் பள்ளிக் காலத்திலேயே ஓட்டத்தை விட்டவர்கள் ஹார்வர்டு அணிக்கு வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்கள். ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் கடைகளை மட்டும் பார்த்துவிட்டு, கடை வைத்தால் நஷ்டமே வராது என்று எழுதும் அறிக்கையை நான் கையெழுத்திட்டுத் தரமாட்டேன். அதே எச்சரிக்கை இங்கேயும் வேண்டும். முன்பாத ஊன்றல் சிலருக்கு நன்றாக ஒத்துப்போகிறது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. குதிகால்காரர் ஒருவர் மாறினால் என்ன ஆகும் என்பதைக் காட்டவில்லை.

மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்த சோதனை ஹாங்காங்கில் நடந்தது, 2018-இல் வெளிவந்தது. புதிதாக ஓடும் 320 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு சாராரும் இரண்டு வாரத்தில் எட்டு முறை டிரெட்மில்லில் ஓடினார்கள். ஒரு சாராருக்கு மட்டும் முன்னால் ஒரு திரை. ஒவ்வோர் ஊன்றலின் மோதலும் அதில் கோடாக எழும். அந்தக் கோடு தாழும்படி மெதுவாகக் காலை வைக்கச் சொன்னார்கள். எந்தப் பகுதியை முதலில் ஊன்ற வேண்டும் என்று கட்டளை இல்லை. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் பயிற்சி பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 38 விழுக்காட்டினரும் காயம்பட்டார்கள். இது சின்ன வித்தியாசமல்ல. படித்தபோது, லீபர்மனின் ஊசிமுனைக்கு இதோ நிரூபணம் வந்துவிட்டது என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால் அந்தக் கட்டுரையின் மையம், என் பார்வையில், மொத்த எண்ணிக்கையில் இல்லை; எந்தக் காயம் யாருக்கு வந்தது என்ற அட்டவணையில் இருக்கிறது. பயிற்சி பெறாதவர்களுக்குக் குதிகால் அடிச்சவ்வு வலியும் முழங்கால் சில்லு வலியும் அதிகம். பயிற்சி பெற்றவர்களிடம் அவை குறைந்து, குதிகால் தசைநாண் அழற்சியும் கெண்டைக்கால் தசைப்பிடிப்பும் அதிகம். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசையைக் கால் வாங்கித்தான் ஆக வேண்டும். குதிகாலில் இறங்கினால் அதில் பெரும்பங்கை முழங்கால் ஏற்கிறது. முன்பாதத்தில் இறங்கினால் கணுக்காலும் கெண்டைக்காலும் ஏற்கின்றன. பேரேட்டில் ஒரு கணக்கிலிருந்து எடுத்தால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியாக வேண்டியதுபோலத்தான். முழங்கால் வலியால் அவதிப்படுபவருக்கு இந்த மாற்றம் வரம். குதிகால் தசைநாண் ஏற்கெனவே தடித்துப்போனவருக்கு அதுவே வினை. எல்லோருக்கும் ஒரே ஓட்ட பாணியைப் போதிப்பவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

அடியைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு எடுத்துவைக்கும் அடிகளைக் கூட்டுவதும் இதே வகைதான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஹைடர்ஷீட் குழுவினர் 2011-இல் காட்டியபடி, வழக்கமான அடி எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினாலே முழங்காலும் இடுப்பும் உறிஞ்சும் ஆற்றல் குறைகிறது. ஆய்வுக்கூடத்து அளவுதான், காயக் கணக்கல்ல. இருந்தாலும் செலவில்லாத, ஆபத்துக் குறைந்த முயற்சி என்பதால் எனக்குப் பிடித்தது. நிமிடத்துக்கு 180 அடி என்று ஊர் முழுக்கச் சொல்லும் எண் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அது 1984 ஒலிம்பிக்கில் உலகின் முதல்தர ஓட்டக்காரர்கள் போட்டியில் ஓடியபோது ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் எண்ணியது. ரேஸ்கோர்ஸில் பேசிக்கொண்டே ஓடும் நம்மை அந்த எண்ணுக்குள் திணிப்பானேன்?

இனி மெத்தை விஷயம். லக்சம்பர்க் குழுவினர் 2014-இல் 247 பேரிடம் மென்மையான ஷூவையும் கெட்டியான ஷூவையும் ஒப்பிட்டு, ஐந்து மாதத்தில் வித்தியாசம் ஏதும் இல்லை என்றார்கள். அவர்களே 2020-இல் 848 பேரிடம் ஆறு மாதம் சோதித்துவிட்டு, கெட்டியான ஷூ அணிந்தவர்களுக்குக் காய அபாயம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்றார்கள். முதல் ஆய்வில் மொத்தம் 69 காயங்கள், இரண்டாவதில் 128. ஒன்றரை மடங்கு வித்தியாசத்தைப் பிடிப்பதற்கு 69 காயங்கள் போதாது; கண்ணி பெரிய வலையில் சிறு மீன் சிக்காததற்கு ஆற்றில் மீனே இல்லை என்று பொருளல்ல. இரண்டாவது ஆய்வில் ஷூக்களைத் தந்தது ஒரு காலணி நிறுவனம் என்பதையும், எந்த ஷூ யாருக்குப் போனது என்பது ஓடியவர்களுக்கும் கவனித்தவர்களுக்கும் தெரியாதபடி மறைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும். என் தராசில் இரண்டாவதுதான் கனமாக இருக்கிறது.

இந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் என் தூக்கத்தைக் கெடுத்தன. மென்மையான மெத்தை எடை மிகுந்தவர்களைத்தான் காக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, பலன் தெரிந்ததோ எடை குறைந்தவர்களிடம். கனத்த உடலுக்கு அந்த நுரை முழுதாக நசுங்கிவிடுகிறதோ என்னவோ, அது ஊகம்தான். இரண்டாவது இன்னும் முக்கியம். அதே ஓட்டக்காரர்களை அழுத்தத் தகடு பொருத்திய டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தபோது, மென்மையான ஷூவில்தான் மோதல் உச்சம் கூடுதலாக இருந்தது. காயம் குறைவான பக்கத்தில் மோதல் அதிகம்! ஹாங்காங்கில் மோதலைக் குறைத்தவர்களுக்குக் காயம் குறைந்தது. லக்சம்பர்க்கில் மோதல் கூடிய ஷூவில் காயம் குறைந்தது. தரைக்கும் ஷூவுக்கும் இடையே தகடு அளக்கும் விசையும் எலும்புக்குள்ளும் தசைநாணுக்குள்ளும் உண்மையில் விழும் விசையும் ஒன்றல்ல என்பதே இதற்கு நான் கண்ட விளக்கம். முன்பு நான் 'நேச்சர்' கட்டுரையின் படத்தைப் பார்த்து எதைக் காயத்தின் மறுபெயர் என்று எடுத்துக்கொண்டேனோ, அது காயத்தின் ஒன்றுவிட்ட உறவுகூட இல்லாமல் போகலாம்.

2022-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு தகுதியுள்ள 12 சோதனைகளையே கண்டெடுத்தது. மொத்தம் 11,240 பேர். பாதத்தைப் பார்த்து ஷூ கொடுப்பதில் பலனில்லை என்ற ஒன்றைத் தவிர, மற்ற ஒப்பீடுகளுக்கெல்லாம் சான்றின் உறுதி குறைவு அல்லது மிகக் குறைவு என்றுதான் தீர்ப்பு. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்கும் ஒரு பொருளுக்கு, இத்தனை காலத்துக்குப் பிறகும் பன்னிரண்டே சோதனைகள். கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் வாழ்நாள் முழுவதும் காலணி விசைகளை அளந்துவிட்டு, 2015-இல், காலுக்கு எது வசதியாகப் படுகிறதோ அதை அணிவதே வழி என்ற கருத்தை முன்வைத்தார். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரமாக நிற்பது பெரும்பாலும் 206 இராணுவத்தினரில் ஒரு பகுதியினரை, ஷூவுக்குள் வைக்கும் உள்தகட்டைத் தாங்களே தேர்ந்தெடுக்கவிட்ட ஓர் ஆய்வுதான் என்பதால், அதைச் சட்டமாக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி இல்லாதபோது தவறில்லாத வழி; அவ்வளவுதான்.

ஷூவையும் ஊன்றலையும் பற்றி இவ்வளவு சண்டை நடக்கும்போது, எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்பது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அதிலும் நாட்டுவழக்கு மருந்துபோல ஒரு விதி உண்டு: வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடிய 532 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். விதிப்படி மெல்ல ஏற்றி 13 வாரம் பயிற்சி பெற்றவர்களில் காயம்பட்டோர் 20.8 விழுக்காடு, 8 வாரத்தில் வேகமாக ஏற்றியவர்களில் 20.3. விதி தோற்றது. பிறகு 2025-இல், 5,205 ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை ஒன்றரை ஆண்டு தொடர்ந்த ஆய்வு ஒன்று, வாரக் கணக்கை விட்டுவிட்டு ஒற்றை ஓட்டத்தைப் பார்த்தது. கடந்த முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒரே ஓட்டத்தில் தாண்டியவர்களுக்குக் காய அபாயம் தெளிவாக ஏறியது. இரு மடங்குக்கு மேல் ஓடியவர்களுக்கு அபாயமும் இரு மடங்கைத் தாண்டியது. இதிலும் குலுக்கல் இல்லை, தாண்டியவர்கள் துணிச்சல்காரர்களாக இருக்கலாம் என்ற ஐயம் உண்டு. ஆனாலும் அதைப் படித்த அன்றிரவு பழைய டைரியைத் தேடி எடுத்தேன்.

ஓடத் தொடங்கிய வருடத்தின் டைரி. வலி என்று முதலில் எழுதியிருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக, நீல மையில், '11 கி.மீ. — சபாஷ்' என்று என் கையெழுத்து. அதற்கு முந்தைய நான்கு வாரங்களில் ஆறு கிலோமீட்டரை ஒரு முறைகூடத் தாண்டியிருக்கவில்லை. அந்த ஞாயிறுதான் முழங்காலைக் கெடுத்தது என்று இப்போது எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காலை வைத்து எழுதும் கணக்கு கடைக்காரரின் ஈர அட்டையைவிட எந்த வகையில் மேல்? அட்டையைப் பார்த்தவர் பாதத்தைக் குறை சொன்னார். டைரியைப் பார்ப்பவன் ஞாயிற்றுக்கிழமையைக் குறை சொல்கிறேன்.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், "சார், ஓட ஆரம்பிச்சிருக்கேன், என்ன ஷூ வாங்கலாம்?" என்று கேட்டார். நான்கைந்து ஜோடி போட்டுப் பார்த்து, கால் உறுத்தாததையும் விலை உறுத்தாததையும் வாங்கச் சொன்னேன். இப்போது எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று கேட்டதற்கு, மூன்று கிலோமீட்டர் என்றும், வரும் ஞாயிறு தோழிகளோடு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். அதன் பிறகு நாங்கள் ஷூவைப் பற்றிப் பேசவில்லை.